இரவில் விழித்திருப்பவர்

டத்தோ கிராமாட்டில் குடியிருப்பவர்களுக்குப் பினாங்கு பெரிய மருத்துவமனை நடந்து போகிற தூரம்தான். ரெசிடென்சி சாலைப் பக்கம் திரும்பினால் வந்துவிடும். 1882-இல் தொடங்கிய மருத்துவமனை. இந்த வட்டாரத்துக் குடும்பங்களின் பிறப்பும் இறப்பும் பெரும்பாலும் அங்கேதான் பதிவாகியிருக்கும். போகிற தூரம் சின்னது. பக்கவாதம் கண்ட ஒருவரை அங்கிருந்து வீட்டுக்கு அழைத்து வருகிற தூரம் வேறு. அங்கே வேளைக்கு வேளை ஆள் மாறுவார்கள். கட்டிலின் தலைமாட்டை உயர்த்த விசை இருக்கும். இரவு இரண்டு மணிக்கு மூச்சு வேறு மாதிரி கேட்டால் கூப்பிட மிஸ்ஸி என்கிற தாதி ஒருவர் இருப்பார். அடுக்குமாடி வீட்டில் இருப்பது ஒரு மரக்கட்டிலும் ஒரு மகளும்.

பெண்ணாகப் பிறந்தவளுக்கு நோயாளியைப் பார்த்துக்கொள்ளத் தானாகவே தெரியும் என்று நம் குடும்பங்கள் நம்பிக்கொண்டிருக்கின்றன. சோறு வடிப்பதைக்கூட யாரோ பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்துத்தான் கற்றுக்கொள்கிறோம். ஒரு பக்கம் செயலிழந்த உடம்பை நோகாமல் புரட்டுவதை மட்டும் பாசம் சொல்லிக் கொடுத்துவிடும் என்று எப்படி முடிவு செய்தோம்?

*

அத்தைக்கு வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு போயிற்று. விழுங்க முடியவில்லை என்று மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒரு குழாய். சிறுநீருக்கு இன்னொன்று. சர்க்கரை நோய் அதற்குப் பல வருஷம் முன்பிருந்தே இருந்தது. வீட்டுக்கு அனுப்பும் நாளில் அத்தை மகளுக்கு எல்லாவற்றையும் கட்டிலருகே நின்று பொறுமையாகச் சொன்னார்கள். அவளும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். லிஃப்ட் வேலை செய்யுமா, படுக்கையை எந்த அறையில் போடுவது, வேலைக்கு விடுப்பு எத்தனை நாள் கிடைக்கும் என்று மனம் ஓடிக்கொண்டிருந்த நேரம் அது. அந்த நேரத்துப் பாடம் எவ்வளவுதான் நிற்கும்?

இதை ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். லண்டனில் லலித் கல்ரா குழுவினர் 300 பக்கவாத நோயாளிகளையும் அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களையும் வைத்துச் செய்து 2004-இல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சி பெற்றவர்களுக்கு மனப்பாரமும் சோர்வும் குறைந்தன, செலவும் குறைந்தது. அதே பயிற்சியை 36 மருத்துவமனைப் பிரிவுகளுக்கு விரித்து, நோயாளியும் பார்த்துக்கொள்பவருமாக 928 இணைகளிடம் சோதித்தபோது, 2013-இல் வந்த முடிவு வேறாக இருந்தது. பயிற்சி பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் வேறுபாடு தெரியவில்லை. இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1250 நோயாளிகளோடு நடந்தது 'அட்டெண்ட்' ஆய்வு. குடும்பத்தாருக்கே மறுவாழ்வுப் பயிற்சிகளைக் கற்றுக்கொடுத்து அனுப்பினார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் இறந்தவர்கள், பிறரைச் சார்ந்தே இருப்பவர்கள் விகிதம் இரண்டு பிரிவிலும் ஒன்றுதான். அது 2017-இல் வெளிவந்தது.

பயிற்சி வேண்டும் என்று பேசுகிறவர்கள் இந்த முடிவுகளைத் தாண்டிப் போய்விடக் கூடாது. இவற்றோடு நான் நிறைய நாள் உட்கார்ந்திருக்கிறேன். 2013 ஆய்வைச் செய்தவர்களே ஒரு சந்தேகத்தை எழுப்பினார்கள்: நோய் தாக்கிய உடனடி நாட்கள் இத்தகைய பயிற்சிக்கு ஏற்ற காலமாக இல்லாமல் இருக்கலாம். எனக்கு அதில் உண்மை தெரிகிறது. வீட்டுக்கு வந்த பிறகுதான் கேள்விகளே பிறக்கின்றன. கட்டில் சுவரோரம் ஒட்டிக் கிடக்கிறது, அந்தப் பக்கம் போய் நிற்க இடமில்லை, எப்படிப் புரட்டுவது? குளியலறை வாசலில் நாலு விரல் உயரத்துக்கு ஒரு படி இருக்கிறது, சக்கர நாற்காலி ஏறாது. மருத்துவமனையில் இந்தக் கேள்விகளைக் கேட்கவே தோன்றாது, ஏனென்றால் அங்கே அந்தச் சுவரும் இல்லை, அந்தப் படியும் இல்லை.

'அட்டெண்ட்' முடிவை நான் இன்னொரு விதமாகவும் எடுத்துக்கொள்கிறேன். குடும்பத்துக்குச் சொல்லிக் கொடுத்தாயிற்று என்பதைக் காரணம் காட்டி இயன்முறைச் சிகிச்சையாளர் விலகிக்கொள்ளக் கூடாது. மகளுக்குப் பயிற்சி கொடுப்பது அவளை மருத்துவமனைக்கு மாற்றாக ஆக்குவதற்கு இல்லை.

*

சிக்கலான நோய் என்கிறோம். நோய்கள் பல என்பதால் மட்டும் சிக்கல் வருவதில்லை. ஒன்றின் அறிகுறியை இன்னொன்று மறைத்துவிடுகிறது.

சர்க்கரை இறங்கினால் பேசத் தெரிந்தவர் "தலை சுத்துது, பசிக்குது" என்று சொல்லிவிடுவார். அத்தையால் சொல்ல முடியாது. வியர்க்கும், இடது கை போர்வையைப் பிசையும், கண் ஓரிடத்தில் நிற்காது. வெக்கை என்று மின்விசிறியைக் கூட்டிவிட்டுப் போய்விட எவ்வளவோ வாய்ப்பு இருக்கிறது. இன்சுலின் ஊசி போட்டாயிற்று, அதன்பின் குழாயில் கொடுத்த பால் வாந்தியாக வெளியே வந்துவிட்டது என்றால் அந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரிய வேண்டும். சோதிக்கிற கருவியில் 4 மில்லிமோலுக்குக் கீழே காட்டினால் உடனே சர்க்கரை கொடுக்க வேண்டும். வாயில் ஊற்றக் கூடாது, விழுங்க முடியாதவர். குளுக்கோஸ் தண்ணீர் குழாய் வழியாகப் போக வேண்டும், பதினைந்து நிமிஷத்தில் மறுபடி குத்திப் பார்க்க வேண்டும். மயங்கிவிட்டால் 999. இத்தனையும் ஒரு மகளின் தலைக்குள் இரவு மூன்று மணிக்கு வரிசையாக வந்து நிற்க வேண்டும். ஒரு தடவை கேட்டதால் அது நிற்காது. செய்து காட்டி, செய்ய வைத்து, இரண்டு வாரம் கழித்து வந்து மறுபடி செய்யச் சொல்லிப் பார்த்தால் நிற்கும்.

2019-இல் எடுத்த தேசிய உடல்நல ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய். இந்தியர்களில் 31.4. ஏறக்குறைய மூன்றில் ஒருவர். பக்கவாதத்துக்கும் சிறுநீரகச் செயலிழப்புக்கும் கால் எடுப்பதற்கும் பின்னால் இந்த நோய் நிற்கிறது என்றால், நம் வீடுகளில் எத்தனை வீடுகள் நாளை ஒரு படுக்கையைச் சுற்றி இயங்கப் போகின்றன என்று யோசித்துப் பார்க்கிறேன்.

*

படுக்கைப் புண் பற்றி.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் போட வேண்டும் என்பது எல்லோருக்கும் சொல்லப்படுகிறது. எங்கே பார்க்க வேண்டும் என்பதும்: முதுகடி எலும்பு, இடுப்பின் இரு பக்கம், குதிகால், கணுக்கால், காது மடல், பின்னந்தலை. தோல் சிவந்திருந்து, விரலால் அழுத்தி எடுத்தும் அந்தச் சிவப்பு மாறாமல் நின்றால் புண்ணின் தொடக்கம் என்பார்கள்.

நம் தோலில் சிவப்பு தெரியாது. பயிற்சிப் படங்களில் இருப்பவை பெரும்பாலும் வெளுத்த தோல். கறுத்த தோலில் அந்த இடம் சுற்றியுள்ளதைவிடக் கறுத்தோ ஊதா கலந்தோ தெரியும், சில சமயம் நிறமே காட்டிக்கொடுக்காது. அங்கே புறங்கையை வைத்துப் பார்க்க வேண்டும்: சுற்றிலும் இருப்பதைவிடச் சூடாக இருக்கிறதா, கெட்டியாக இருக்கிறதா, அல்லது கொழகொழவென்று இருக்கிறதா? இதைச் சொல்லாமல் விடுகிற பயிற்சி டத்தோ கிராமாட்டில் பாதிப் பயிற்சிதான். நல்ல வெளிச்சத்தில் பாருங்கள், தொட்டுப் பாருங்கள் என்ற இரண்டு வாக்கியம் போதும். அதைத் தெரிந்தவர் வந்து, பார்த்துக்கொள்பவளின் கையைப் பிடித்து, அந்த இடத்தில் வைத்துக் காட்ட வேண்டும்.

சிவந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது. எண்ணெய் போட்டு நன்றாகத் தேய்த்துவிட்டால் ரத்தம் ஓடும் என்று பாட்டிமார்கள் சொல்வார்கள். அடியில் நசுங்கிப்போயிருக்கும் திசு அதனால் மேலும் சிதையும். நடுவில் ஓட்டை வைத்த வளையத் தலையணையும் வேண்டாம். அது சுற்றியுள்ள ரத்த ஓட்டத்தைத் தடுக்கிறது. குதிகால் மெத்தையில் படாமல் இருக்க, கெண்டைக்காலின் கீழே நீளவாக்கில் ஒரு தலையணை. பேம்பர்ஸை ஈரத்தோடு விட்டுவைக்கக் கூடாது. ஈரமான தோல் சீக்கிரம் கிழியும். மேலே நகர்த்தும்போது இழுக்காமல், அடியில் விரித்த துணியோடு இரண்டு பேராகத் தூக்கி நகர்த்த வேண்டும். இரண்டாவது ஆள் எங்கே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பல வீடுகளில் இரண்டாவது ஆள் பள்ளிக்கூடம் போகிற பையன்தான். அவனுக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

*

குழாயில் பால் ஊற்றுவது பற்றிப் பயம்தான் முதலில் வரும். பயம் இருப்பது நல்லது என்றே நினைக்கிறேன். குழாய் நுழைகிற இடத்தில் மூக்கோரம் குறித்த அடையாளம் நகர்ந்திருக்கிறதா என்று பார்த்து, உறிஞ்சி எடுத்த நீரைப் பிஎச் தாளில் தொட்டு, 5.5 அல்லது அதற்குக் கீழே இருந்தால்தான் ஊற்ற வேண்டும். தலைமாட்டை உயர்த்தி, ஊற்றி முடித்தும் அரை மணி நேரம் அப்படியே வைத்திருக்க வேண்டும். மாத்திரைகளை எல்லாம் இடித்துவிடக் கூடாது. மெதுவாகக் கரைந்து நாள் முழுக்க வேலை செய்யும்படி செய்த மாத்திரையை இடித்தால் ஒரு நாள் மருந்து ஒரே நேரத்தில் உள்ளே போய்விடும். மருந்தாளரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். வாயால் சாப்பிடாதவருக்கும் தினமும் வாய் துடைக்க வேண்டும். அழுக்கேறிய எச்சில் நுரையீரலுக்கு இறங்கினால் நிமோனியா வரும்.

இவை எல்லாம் கற்றுக்கொள்ளலாம். கற்றுக்கொள்ளக் கடினமானது ஒன்று உண்டு. பார்க்க வருகிற உறவினரைத் தடுப்பது.

வருகிறவர்கள் பாசத்தோடு வருகிறார்கள். ஃபிளாஸ்கில் காப்பி கொண்டுவருவார்கள். அக்காள் காப்பி இல்லாமல் ஒரு நாள் இருந்ததில்லையே என்று கண் கலங்குவார்கள்.

"ஒரே ஒரு கரண்டிம்மா. நாக்கு நனையட்டும்."

"வேணாம் சித்தப்பா. உள்ளே இறங்காது, மூச்சுக்குழாய்க்குப் போயிடும்."

"இத்தனை நாள் நீயா வளர்த்த அவளை? எனக்குத் தெரியாதா?"

இந்த இடத்தில் அந்த மகளுக்கு வேண்டியது மருத்துவ அறிவு மட்டும் இல்லை. வயதில் மூத்தவரிடம் இல்லை என்று சொல்வதற்கு ஓர் ஆதரவு வேண்டும். வீட்டுக்கு வந்த தாதி, பேச்சு விழுங்கல் நிபுணர் சொன்னதை ஒரு தாளில் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி, கட்டிலுக்கு மேலே ஒட்டிவிட்டார். வாய்வழி எதுவும் கொடுக்க வேண்டாம், தண்ணீரும் தீர்த்தமும் உட்பட. கீழே கையெழுத்து. தீர்த்தத்தையும் சேர்த்து எழுதிய அவருடைய புரிதலை நான் அடிக்கடி நினைக்கிறேன். அந்தத் தாளைப் பார்த்துச் சித்தப்பா ஃபிளாஸ்கை மூடினார். அதன்பின் அத்தையின் உதட்டை ஈரப் பஞ்சால் துடைத்துவிட அவருக்குக் காட்டிக் கொடுத்தோம். அதைச் செய்வதற்காகவே இப்போதும் வருகிறார்.

*

மலேசியச் சுகாதார அமைச்சு 2014-இல் வீடு தேடிச் செல்லும் டொமிசிலியரி சேவையைத் தொடங்கியது. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய படுக்கை நோயாளிகளைச் சுகாதாரக் கிளினிக்கிலிருந்து தாதியரும் மற்றவர்களும் வந்து பார்ப்பார்கள். சுமார் மூன்று மாதம். அதற்குள் பார்த்துக்கொள்பவரின் கை பழக வேண்டும் என்பதும் அதன் நோக்கம். எனக்கு இது மிகச் சரியான இடத்தில் வைத்த அடியாகத் தெரிகிறது. பாடம் படுக்கையருகே வந்துவிடுகிறது. மூன்று மாதம் போதுமா என்பது வேறு. நோய் மூன்று மாதத்தில் நிற்பதில்லை. ஆறாம் மாதத்தில் வலிப்பு வரலாம், அப்போது சாவிக்கொத்தைக் கையில் திணிக்காமல், வாயில் எதையும் வைக்காமல், பக்கவாட்டில் சாய்த்துவிட்டு நேரம் பார்க்க யார் சொல்லிக் கொடுப்பார்கள்?

பினாங்குக்கு இதில் நீண்ட அனுபவம் உண்டு. 1992-இலேயே தேசியப் புற்றுநோய்ச் சங்கத்தின் பினாங்குக் கிளை வீட்டுக்கே போகிற ஹோஸ்பிஸ் சேவையைத் தொடங்கிவிட்டது. அதை முன்னின்று வளர்த்தவர் டாக்டர் டி. தேவராஜ். பின்னாளில் மலேசிய ஹோஸ்பிஸ் மன்றத்தையும் அவர் வழிநடத்தினார். புற்றுநோய் முற்றியவர் வீட்டில் இருக்கலாம், வலியில்லாமல் இருக்கலாம் என்பதற்கு அந்த வீட்டில் ஒருவருக்கு மார்ஃபின் மருந்தை வேளை தவறாமல் கொடுக்கத் தெரிய வேண்டும். மார்ஃபின் என்ற பேரைக் கேட்டதும் வரும் அச்சத்தை முதலில் இறக்கி வைக்க வேண்டும். மலச்சிக்கலுக்கும் கூடவே மருந்து தர வேண்டும் என்று தெரிய வேண்டும். அந்தப் பாடங்கள் இந்தத் தீவின் வீடுகளில் முப்பது வருஷத்துக்கும் மேலாக நடந்துவருகின்றன.

கேரளத்தில் 1993-இல் கோழிக்கோட்டில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் நண்பர்களும் தொடங்கிய வலிநிவாரண அமைப்பு, பிறகு மலப்புரம் பக்கம் அக்கம்பக்கத்தாரையே பயிற்றுவிக்கும் இயக்கமாக விரிந்தது. 2008-இல் அந்த மாநில அரசு அதற்கென்று ஒரு கொள்கையே அறிவித்தது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' படுக்கை நோயாளிகளின் வீடுகளுக்கும் போகிறது. கேரளத்திடம் நான் விரும்புவது அக்கம்பக்கத்தாருக்குச் சொல்லிக் கொடுப்பதை. எங்கள் மாடியில் ஐந்து வீடு தள்ளி இருப்பவருக்கு ஒருவரைப் புரட்டத் தெரிந்தால், அத்தை மகள் ஒரு மதியம் தூங்கலாம்.

*

கீழ்மாடியில் ஒரு சீனப் பாட்டி. அவரைப் பார்த்துக்கொள்வது சுமத்ராவிலிருந்து வீட்டு வேலைக்கென்று வந்த பெண். சமைக்க, துடைக்க என்று வந்தவள். ஆறு மாதத்தில் பாட்டி கீழே விழுந்து இடுப்பு முறிந்தது, வேலை மாறிவிட்டது, சம்பளம் மாறவில்லை. பாட்டியை அ மா என்று கூப்பிட்டுக்கொண்டே அக்குளில் கைகொடுத்துத் தூக்குவாள். தனியாக, முதுகு வளைந்து.

டொமிசிலியரி தாதி எங்கள் வீட்டுக்கு வந்த ஒரு நாளில் அத்தை மகள் அவளையும் மேலே கூப்பிட்டாள். யாரும் அவளை அனுப்பச் சொல்லவில்லை. வந்து சுவரோரம் நின்று பார்த்தாள். கால்களை அகட்டி, முழங்காலை மடக்கி, நோயாளியைத் தன் உடம்போடு சேர்த்துக்கொண்டு எழுவதை மலாயில் விளக்கினார்கள். இரண்டு தடவை செய்து பார்த்தாள். "இதை ஏன் முதலிலேயே யாரும் சொல்லவில்லை?" என்றுதான் கேட்டாள்.

மலேசியாவில் எத்தனையோ முதியவர்களின் உயிர் இப்படிப்பட்ட பெண்களின் கையில் இருக்கிறது. நோயாளியைப் பார்த்துக்கொள்ளத்தான் ஆள் வேண்டும் என்றால் பயிற்சி கொடுத்து, அதற்குரிய சம்பளம் கொடுத்து, ஓய்வு நாளும் கொடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை.

*

தைப்பூசத்துக்கு முதல் நாள் வெள்ளி ரதம் இந்த வழியாகத்தான் தண்ணீர்மலைக்குப் போகிறது. 1894-இல் காரைக்குடியிலிருந்து வந்த ரதம். அத்தை ஒரு வருஷம்கூடத் தவறவிட்டதில்லை. இந்த வருஷம் கீழே கொண்டுபோய்க் காட்ட வேண்டும் என்று முடிவு செய்ததும், அதற்காக மூன்று வாரம் பழகினோம்.

முதலில் கட்டில் ஓரத்தில் கால் தொங்கவிட்டு உட்காரவைத்துச் சில நிமிஷம் காத்திருக்க வேண்டும். பல நாள் படுத்தவர் சட்டென்று நிமிர்ந்தால் ரத்த அழுத்தம் இறங்கும். நாற்காலியை நல்ல பக்கமாகிய இடப்பக்கத்தில் போட வேண்டும். பிரேக் போட்டு, கால் வைக்கும் தட்டுகளை விலக்கிவிட வேண்டும். வலது கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. செயலிழந்த தோள் எளிதில் மூட்டிலிருந்து நழுவும், அதன் வலி வருஷக்கணக்கில் நிற்கும். சிறுநீர் சேரும் பை இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், மடியில் வைத்தால் திரும்பி ஏறும். ஒவ்வொன்றையும் அத்தையிடம் சொல்லிவிட்டுச் செய்யச் சொன்னார் மிஸ்ஸி. "பாட்டி, இப்ப உக்காரப் போறோம்." பேச முடியாதவரிடம் பேசிவிட்டுத் தொடுவதும் பாடத்தில் உண்டு. முதல் வாரம் நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தோம். இரண்டாம் வாரம் அத்தை இடது காலைத் தானாக ஊன்றினார்.

ரதம் வந்தபோது சாலையோரம் இருந்தோம். தேங்காய்கள் உடைந்து தண்ணீர் கால்வரை தெறித்தது. அத்தை இடது கையைத் தூக்கிக் கும்பிட்டார். ஒற்றைக் கைக் கும்பிடு.

அரை மணி நேரத்துக்கு மேல் உட்காரவைக்க வேண்டாம் என்றிருந்ததால் கூட்டம் கலையும் முன்பே ஏறிவிட்டோம். மேலே வந்து படுக்க வைத்ததும் அத்தை மகள் முதலில் செய்தது, பக்கம் சாய்த்து முதுகடியில் புறங்கையை வைத்துப் பார்த்தது.

*

நோயாளியைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டவர்களுக்கு, வருமான வரம்புக்கு உட்பட்டு, நலத்துறை மாதந்தோறும் உதவித்தொகை தருகிறது. 2021 வரவு செலவுத் திட்டத்தில் அதை 350 வெள்ளியிலிருந்து 500 வெள்ளியாக உயர்த்தினார்கள். பேம்பர்ஸுக்கும் பால் மாவுக்கும் சரியாகப் போகிறது. அத்தை மகளுடைய முதுகு வலிக்கும் இரத்த அழுத்தத்துக்கும் பார்க்க அவளுக்கே நேரம் கிடைப்பதில்லை. பயிற்சி முடிந்து தாதி கிளம்புகிறபோது "உன் சக்கரைய எப்ப பார்த்த?" என்று அவளைக் கேட்டார். பார்க்கவில்லை என்றாள். அங்கேயே, அதே கருவியில், புது ஊசியில் குத்திப் பார்த்தார்.

அடுத்த வருகைக்குக் கேட்க வேண்டியவற்றை அவள் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். அதை அப்படியே இங்கே எடுத்து எழுதுகிறேன். சிறுநீர் கலங்கலாக வந்தால் எத்தனை மணி நேரம் காத்திருக்கலாம்? குழாய் எப்போது எடுப்பார்கள், எடுக்கவே மாட்டார்களா? பகலில் தூங்கி இரவில் விழித்திருக்கிறார், என்ன செய்வது? வலக்கை விரல்கள் மடங்கிக்கொண்டே வருகின்றன. தம்பி மனைவிக்கும் ஊசி போடச் சொல்லிக் கொடுப்பீர்களா? சனிக்கிழமை அவள் வருவாள்.